மூன்று பேனா

கதவில் ‘மனம் விட்டுப் பேசுங்கள்’ என்று ஒட்டியிருந்தது. கதவு பாதிதான் திறக்கும். பின்னால் காற்றுப் போன வாலிபால் மூட்டை.

மைதிலி அந்தப் பாதி வழியாக உள்ளே போனாள்.

ஒன்பதாம் வகுப்பு. பள்ளி கேட்டிலிருந்து இந்த அறை வரை சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே வந்திருந்தாள்.

அவள் அம்மா ஒச்சம்மாள் மண்ணரைப் பகுதியில், வீட்டு மாடியில் நடக்கும் ஒரு சின்ன யூனிட்டில் பனியன் தைக்கிறாள். பக்கத்தில் நின்று துணியை மடித்து மடித்துக் கொடுத்த கைமடிப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். வருகிற திங்கட்கிழமையிலிருந்து அந்த இடத்தில் மைதிலி. பெரிய கம்பெனி என்றால் ஆதார் கேட்பார்கள். மாடியில் வயதைக் கேட்பதில்லை, வேகத்தைத்தான் கேட்பார்கள்.

சார் வந்து ஒரு வார்த்தை சொன்னால் அம்மா விட்டுவிடும். சார் என்றால் அம்மாவுக்குப் பயம்.

மனப்பாடம் செய்தது இவ்வளவுதான்.

அருள்செல்வன் சார் சமூக அறிவியல் எடுப்பவர். மாணவர் ஆலோசகரும் அவர்தான். வாரத்தில் இரண்டு பீரியடு அவர் சும்மா இருப்பதை டைம்டேபிள் காட்டிக்கொடுத்துவிட்டதால் ஜூன் மாதம் அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்தது. ஒரு நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். போய்விட்டு வந்து, மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்றார்.

ஆசிரியர் அறைக்கும் இதில் ஒரு கருத்து இருந்தது. தான் படித்த காலத்தில் அழுதால் இன்னும் இரண்டு அடி விழும், அழுகை தானாக நின்றுவிடும், அதற்கு யாரும் பதிவேடு போடவில்லை என்பார் கணக்கு ரோஸ்மேரி டீச்சர். மைதானத்தை நாலு சுற்று ஓடவிட்டால் மனசு லேசாகிவிடும் என்பார் பி.டி. சார்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தங்கள் வண்டியிலேயே வீடு வரை கொண்டுபோய் விடுகிறவர்கள்தான். காய்ச்சல் தொட்டால் தெரியும்.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை ஆய்வு. ஆலோசனைப் பதிவேட்டில் ஜூன் மாதம் ஒட்டிய லேபிளைத் தவிர வேறெதுவும் இல்லை.

“நல்ல நேரத்துக்கு வந்தே கண்ணு. உம்பட எழுத்து முத்து முத்தா இருக்கும். உக்காரு.”

மைதிலி வாயைத் திறந்தாள். எதுவானாலும் எழுதிக்கொண்டே சொல்லலாம் என்றார் சார்.

மூன்று பேனா கொடுத்தார். ஒன்று நீலம், ஒன்று கறுப்பு, இன்னொன்று முனை தேய்ந்து பட்டையாக எழுதுவது. ஒரே பேனாவில் எழுதினால் ஒரே நாளில் எழுதியது தெரிந்துவிடும். நாலு வரிக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும். இதற்கு மட்டும் எந்தப் பயிற்சியும் இல்லாமலே எல்லா ஆசிரியர்களும் தேறியிருந்தார்கள்.

பிரச்சினையும் நான்குதான். கவனக் குறைவு, கைபேசி, தாமதம், கோபம். சுற்றிச் சுற்றிப் போடச் சொன்னார். ஆலோசனைக் கட்டத்தில் ‘அறிவுரை வழங்கப்பட்டது’. அதற்கடுத்த கட்டத்தில் ‘நல்ல முன்னேற்றம்’.

வகுப்புப் பட்டியலைப் பார்த்து எழுதிக்கொண்டே போனாள். அரை மணி நேரத்தில் முப்பது பேர் திருந்தினார்கள். நிதிஷுக்கு ஆகஸ்டில் கோபம் வந்து ஆகஸ்டிலேயே போயிற்று. அவன் வகுப்பில் வாயே திறக்காதவன்.

இரண்டு முறை அவள் “சார்” என்றாள். சார் போனில் இருந்தார். ஆய்வுக்கு வருகிறவருக்கு டீயா இளநீரா என்பது இன்னும் முடிவாகவில்லை.

முப்பத்தொன்றாவது வரியில் பேனா நின்றது. வருஷ நடுவில் வந்து சேர்ந்தவள் என்பதால் பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது.

“எனக்கு என்ன பிரச்சன போட சார்?”

போனை நெஞ்சோடு பொத்திக்கொண்டு சிரித்தார்.

“உனக்கென்ன சாமி பிரச்சன, நல்ல புள்ள. தோணுறதப் போட்டுக்க.”

போட்டாள். அந்த வரிக்கு மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது.

பதிவேட்டை வாங்கி, வரிக்கு ஒன்றாக முப்பத்தொரு கையெழுத்துப் போட்டு முடித்து, கை வலிக்கிறது என்று உதறினார் சார். மணி அடித்தது. ஏதோ சொல்ல வந்தாயே என்று கேட்கவும் செய்தார். கேட்டுக்கொண்டே மூன்று பேனாவையும் மூடி டிராயரில் வைத்தார்.

நிமிர்ந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். இளநீர்தான். ஆலோசனைப் பதிவேட்டில் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். கட்டம் எதுவும் காலியில்லை. உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறதே என்றார். சார் நன்றி சொன்னார்.

கடைசி வரிக்குக் கீழே பச்சை மையில் ‘பார்வையிட்டேன்’ என்று எழுதிவிட்டு அதிகாரி சத்துணவுக் கூடத்துக்கு நடந்தார்.

மை காயட்டும் என்று பதிவேட்டைத் திறந்தே வைத்திருந்தார் சார். பச்சைக்கு மேலே இருந்த வரி அப்போதுதான் கண்ணில் பட்டது. மற்ற வரிகளில் எல்லாம் போன மாதங்களின் தேதி. அதில் மட்டும் இன்றைய தேதி.

பெயர்: மைதிலி.

பிரச்சினை: இன்று முதல் கைமடி வேலை. சார் வந்து ஒரு வார்த்தை சொன்னால் அம்மா விட்டுவிடும்.

வழங்கிய ஆலோசனை: எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று சார் சொன்னார்.

முன்னேற்றம்: பள்ளிக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமையே அதற்கு நேராக அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.