பின்வேலிப் பாம்பு

"இஞ்சை பாருங்கோ ஐயா, திரும்பவும் விழுந்து எழும்புது."

நேசராஜா கையை விரித்தான். மேசையிலிருந்த கொம்பியூட்டர் 'பீப்' என்றது. திரையில் எண்கள் ஓடின. உள்ளே டிஸ்க் 'விர்'ரென்று சுழலத் தொடங்கியதும் எல்லாம் இருண்டது. மறுபடி 'பீப்'.

லண்டனிலிருந்து மகன் அனுப்பிய சாமான். வந்த நாளிலிருந்து இதே கூத்துத்தான். உரும்பிராய்க்கு மாலையில் கறண்ட் வருவதே கொஞ்ச நேரம். அந்த நேரம் முழுவதும் இது தொடங்கித் தொடங்கியே களைத்துப்போகும்.

"எத்தினை வருஷம் ஸ்ரேசன் மாஸ்டரா இருந்தனான்," என்றார் சீவரத்தினம். "ஸ்ரேசனை விட்டு வெளிக்கிடாமலே திரும்பி வாற றெயினை இப்பதான் காணுறன்."

நேசராஜா கொம்பியூட்டர் திருத்த யாழ்ப்பாணத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவன். பெட்டியைத் திறந்து வயர்களை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தான். கறண்ட் கொடுக்கும் பகுதியைக் கழற்றி, தான் கொண்டுவந்ததைப் பூட்டினான். அதற்கும் 'பீப்'தான். கடைசியில் மீற்றரை எடுத்துச் சுவர் பிளக்கில் குத்தினான். முள் பாதியில் படுத்துக்கொண்டது.

"பெட்டியிலை பிழை இல்லை ஐயா. டிஸ்க் சுத்தத் தொடங்கேக்கை கொஞ்சம் கூடக் கறண்ட் கேக்கும். உங்கடை லைனிலை அது காணாது. வேறை எதோ இழுக்குது. தண்ணி கொதிக்கக் கேத்தில் போட்டிருக்கோ?"

"கேத்திலே இல்லைத் தம்பி," என்றாள் சீவரத்தினத்தின் மனைவி நல்லம்மா. "பழையது எரிஞ்சுபோச்சு."

"மகன் அனுப்பின புதுசைச் சுன்னாகத்திலை திருத்தக் குடுத்தனான். அவன் இன்னும் திருப்பித் தரேல்லை," என்றார் சீவரத்தினம்.

வீட்டில் கேத்தில் இல்லாதது உண்மைதான். நேசராஜாவின் தேநீருக்கு விறகடுப்பில்தான் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"அப்ப ஆரோ களவா உங்கடை லைனிலை கொளுவியிருக்கினம். வீட்டைச் சுத்தி ஒருக்காப் பாப்பம்."

நல்லம்மாவின் கண் பின்வேலிப் பக்கம் போய் வந்தது.

பின்வேலிக்கு அப்பால் தம்பிராசாவின் வீடு. சீவரத்தினத்தின் சொந்த அண்ணன். மனைவி போனபின் தனிக்கட்டை, போதாததற்குத் தொய்வு வருத்தம். அவர் ஒழுங்கையில் விழுந்த கறண்ட் போஸ்டை நிமிர்த்த இன்றுவரை ஒருவரும் வரவில்லை; வீட்டில் கறண்ட் இல்லை. ஆவி பிடிக்கச் சுடுதண்ணீர் வேண்டுமென்றால், இழுக்கிற மூச்சோடு அடுப்பு ஊத வேண்டும்.

அண்ணன் தம்பிக்கிடையே பேச்சில்லை. வேலி அடைத்தபோது நட்ட ஒரு பூவரசங் கதியால் ஒரு சாண் தள்ளிப்போனதில் வந்த வினை. "உந்த வேலிக்கு அங்காலை என்ரை வீட்டுப் பச்சைத்தண்ணியும் போகப்படாது" என்று சீவரத்தினம் ஊர் கேட்கச் சத்தம் போட்டவர்.

பச்சைத்தண்ணீர் போகவில்லை. சுடுதண்ணீர்தான் போனது. பழைய கேத்திலையும் அதற்குக் கறண்ட் எடுக்க ஒரு வயரையும் நல்லம்மா வேலிக்குள்ளால் கொடுத்துவிட்டாள். இது தெரிந்தால் மனுசன் வயரைப் பிடுங்கி எறிவார். அதற்குப் பிறகு அந்தக் கிழவன் இரவெல்லாம் மூச்சுக்கு அந்தரிக்க வேண்டியதுதான்.

"பின்னுக்குப் போகாதை தம்பி," என்றாள் அவசரமாக. "வேலிக்கை பாம்பு கிடக்கு."

அந்தக் கணத்தில் பிறந்த பாம்பு அது.

"ஓம் ஓம்," என்றார் சீவரத்தினம். "நானும் நேற்றுக் கண்டனான். நல்ல மொத்தம், என்ரை கைப் பருமன்."

நல்லம்மா திகைத்தாள். இல்லாத பாம்பை இவர் எங்கே கண்டார்? சந்நிதி முருகன்தான் அவர் வாயில் வந்து நின்றிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"எங்கடை சேர்ச் வளவிலை இல்லாத பாம்போ," என்ற நேசராஜா ஒரு பூவரசந்தடியை முறித்துக்கொண்டு இறங்கிவிட்டான். புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

அவன் தடியால் வேலிக் கிடுகை நெம்பினான்.

"பாம்பு அம்பிட்டுது ஐயா. கறுப்பு நிறம். உங்கடை குசினிக்கை இருந்துதான் வருது."

இனி மறைக்க இடமில்லை. நல்லம்மா புருஷனின் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நான்தான் குடுத்தனான். பழைய கேத்தில் எரியேல்லை, அங்கைதான் இருக்கு. என்னை எவ்வளவெண்டாலும் ஏசுங்கோ. பெரியத்தானுக்குப் போறதை மட்டும் கழட்டிப்போடாதையுங்கோ. மனுசன் இரவிரவா இழுக்கிறார்."

இடி விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. சீவரத்தினம் சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு கழுத்தைத் துடைத்தார். பிறகு மறுபடியும் முகத்தை.

"அது சரி அம்மா," என்றான் நேசராஜா, குனிந்தபடியே. "கறுப்பு உங்கடை. அப்ப ஐயாவின்ரை அறை யன்னலாலை வாற இந்த வெள்ளை வயர் ஆற்றை?"

சீவரத்தினம் மாமரத்தில் எதையோ தேடினார்.

வேலிக்கு அப்பாலிருந்து ஒரு இருமல் கேட்டது. அதைத் தொடர்ந்து தம்பிராசாவின் குரல்.

"ரெண்டு பேரும் தனித்தனிய வந்து, மற்ற ஆளுக்குச் சொல்லப்படாதெண்டு சத்தியம் வாங்கினியள். ஒண்டை வேண்டாமெண்டால் மற்றதைக் காட்டிக் குடுக்கவேணும், நான் என்ன செய்யிறது? லண்டன் கேத்திலும் கொதிச்சிட்டுது, பழசும் கொதிச்சிட்டுது. அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளாலை புகுந்து வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."