சீர் பீரோ

"அக்கா பீரோ எனக்கு வேணும்மா."

கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்ததைச் சிந்துஜா கேட்டேவிட்டாள். அக்கா செத்ததும் அவள் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த சீர் பீரோ அது. தானே செய்யப்போகும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு அட்டையில் மாதிரி வெட்டி, காற்றாடிக்கு ஓட்டையும் குறித்தாயிற்று. கனமான தகடுதான் இல்லை.

அறை விழும் என்று நினைத்தாள். அம்மாவோ கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "எடுத்துக்கடி தங்கம், உனக்கில்லாம யாருக்கு!" அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு எங்கோ ஓடினார்.

கொல்லையில் பீரோக் கதவைக் கழற்றிப் போட்டு அறுத்துக்கொண்டிருந்தபோது அப்பா திரும்பி வந்தார். பின்னால், மல்லிகைப் பந்தோடு மாமா, அக்காவின் புருஷன்.

"ஐயோ, அதோடதானே நீ அவரு வீட்டுக்குப் போகணும்! அக்கா பீரோவ நீயா கேட்டா, கட்டிக்கச் சம்மதம்னுதானே அர்த்தம்?" என்று அம்மா அலறினாள்.

சிந்துஜா அறுப்பதை நிறுத்தி நிமிர்ந்தாள். "தகரம் கேட்டேன். புருஷன் கேக்கல."

"படிக்க வச்ச திமிரு," என்றார் அப்பா.

மாமா குனிந்து வெட்டைத் தடவிப் பார்த்தார். "விடுங்கத்தை. வெல்டு வச்சுப் பெயிண்ட் அடிச்சிட்டா ஒண்ணும் தெரியாது."

அவள் மிச்சத்தையும் அறுத்தாள். உள்ளேயிருந்து தன் படிப்புச் சர்டிபிகேட் பையை எடுத்து வந்து தோளில் மாட்டி, சூடு ஆறாத தகட்டைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, மாமாவைத் தாண்டி வாசலுக்கு நடந்தாள்.