ஞாயிற்றுக்கிழமை லாரி

லாரி மூன்றாவது தடவையும் முற்றத்திலேயே அணைந்தது. உதைக்கக் காலைத் தூக்கிய யேசுரத்தினம், என்ன நினைத்தாரோ, குனிந்து அதை ஒரு கையால் தூக்கி, நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார்.

முழ நீளம்தான் இருக்கும். ரிமோட்டில் ஓடுகிற பொம்மை என்றாலும் உள்ளே இருப்பது நிஜ எஞ்சின். பெட்ரோல் ஆகாது, நைட்ரோ என்கிற தனி எண்ணெயில்தான் ஓடும். திருவனந்தபுரத்தில் ஒருவர் பழசாக விற்றதை இரண்டு மாதத்துக்கு முன்பு வாங்கி வந்திருந்தார்.

"எந்த மண்டன் கையில கெடந்துதோ சவம்! எஞ்சின்னா என்னன்னு தெரியாத பயலுவளெல்லாம் வண்டி வச்சிருக்கானுவ."

சார்ஜாவில் பன்னிரண்டு வருஷம் கராஜில் வேலை பார்த்தவர் அவர். குளச்சலில் இருக்கிற ஒரு மெக்கானிக்குக்கும் ஸ்பானர் பிடிக்கத் தெரியாது என்பது, திரும்பி வந்த முதல் வாரமே அவர் எடுத்த முடிவு. மனைவியைப் பற்றிய அபிப்பிராயம் அதற்கும் கீழே.

செசிலி படியில் உட்கார்ந்து சாளை மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டார்ட் ஆவுது. பொறவு தானா வேகம் கூடிக் கத்திட்டு அணையுது. ஏன் தெரியுமா, ஏட்டி?"

"தெரியாதுங்க."

"ஒனக்கு எங்க தெரியும்! மிக்சிக்க சுவிச்சு எந்தப் பக்கம்னு கேக்கவதானே நீ. எண்ணெய் கொறவா போவுது, காத்து கூடுதலா போவுது. இந்த ஸ்க்ரூவத் தொறந்தா எண்ணெய் கூடும். அவ்வளவுதான் விஷயம்."

கால் சுற்றுத் திறந்து கயிற்றை இழுத்தார். எஞ்சின் அலறி எழுந்தது. வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு முற்றத்தில் அரைவட்டம் அடித்த லாரி, தென்னை மூட்டில் போய் இருமி நின்றது.

எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். தொட்ட உடனே சுர்ரென்று ஆவியானது. சூடு அதிகம். பிளக்கை மாற்றினார். ஸ்க்ரூவை மூடினார், திறந்தார்.

"அதுகூட வந்த புத்தகம் மேசையில கெடக்கு. எடுத்துத் தரட்டா?" என்றாள் செசிலி.

"புத்தகம் பாத்து வண்டி நோக்கவனெல்லாம் மெக்கானிக்கா? நீயே வச்சுப் படி."

வாசலில் பைக் ஒன்று வந்து நின்றது. பழைய கூட்டாளி ஆன்ட்ரூஸ். "வாரியா, மக்கா? மணி பதினொண்ணாச்சு. போனாதான் கடையில எடம் கிட்டும்."

கடை என்றால் பிராந்திக் கடை. ஈரல் வீங்கியிருக்கிறது, இனி ஒரு கிளாஸ்கூடக் கூடாது என்று நாகர்கோவில் டாக்டர் சொல்லியிருந்தார். அவனெல்லாம் ஒரு டாக்டரா என்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வருகிற வழியிலேயே இறங்கிக் குடித்தவர் யேசுரத்தினம். அன்றைக்குச் செசிலி பஸ் ஸ்டாண்டில் ஸ்கேன் கவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மணிநேரம் தனியாக நின்றாள்.

"இது ஓடட்டும். ஓட வச்சிட்டுத்தான் எழும்புவேன்."

"ரெண்டு மாசமா இதத்தானே சொல்லுத?"

"அந்தத் திருவனந்தபுரத்துக்காரன் அப்பிடிக் கெடுத்து வச்சிருக்கான், மக்கா. ஒண்ணச் சரியாக்கினா இன்னொண்ணு போவுது. வேற எவனா இருந்தாலும் எப்பவோ தூக்கிக் கடல்ல எறிஞ்சிருப்பான். நானா இருக்கக் கொண்டு மல்லுக்கெட்டுதேன்."

ஆன்ட்ரூஸ் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். யேசுரத்தினம் மறுபடியும் கயிற்றை இழுத்தார். எஞ்சின் கத்தத் தொடங்கியது. டாங்கிலிருந்து போகிற மெல்லிய குழாயைக் காட்டி ஆன்ட்ரூஸ் கேட்டார்: "இதுல என்ன, கொமிழி கொமிழியாப் போவுது?"

படியில் செசிலியின் கத்தி நின்றது.

"எண்ணெய்ன்னா கொமிழி வரும். கட்டுமரம் தள்ளுத ஒனக்கு எஞ்சினப் பத்தி என்னலே தெரியும்? சும்மா வாயப் பொத்திட்டு இரி."

கத்தி மறுபடியும் சுரண்டத் தொடங்கியது.

"ஒன்கிட்ட மனுசன் பேசுவானா!" ஆன்ட்ரூஸ் விருட்டென்று எழுந்து போய்ப் பைக்கை மிதித்தார். அது முதல் மிதியிலேயே கிளம்பியது.

யேசுரத்தினம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானம் சோற்றை முற்றத்துக்கே கொண்டுவரச் சொன்னார். ஒரு கையால் பிசைந்து உண்டுகொண்டே மறுகையால் ஸ்க்ரூவைத் திருகினார். குழம்பில் உப்பு கூடுதல் என்றார். ஸ்க்ரூ டிரைவர் செய்தவனுக்கும் மூளை இல்லை என்றார். நாலு மணி வாக்கில், மடியில் லாரியோடு நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

செசிலி லாரியை மெல்ல எடுத்துத் தரையில் வைத்தாள். அவர் முகத்தருகே ஒரு நிமிஷம் குனிந்து நின்றாள். மூச்சில் மீன்குழம்பு வாசனை மட்டும்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பூங்கனி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். தூங்குகிறவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னைக்கும் கடைக்குப் போவலியா?"

"இல்லக்கா. எண்ணெய்க் குழாயில ஊக்கால ஒரு குத்து குத்தி வச்சிருந்தேன்."