வால் நுனி

பூனைகளுக்குள் வால் வளையங்களின் எண்ணிக்கை ஒத்துப்போனால்தான் சொந்தம். சொந்தமென்றால்தான் ஒரே சாக்கில் இடம்.

மழையில் நனைந்து வந்த குட்டி சாம்பலி, "அக்கா, நான் உன் தங்கச்சி. மைனா நம்ம ரெண்டு பேர் வாலையும் எண்ணிப் பார்த்து ஆறு வளையம்னுச்சு" என்றது.

சாக்கில் படுத்திருந்த பெரிய பூனை மிளகு, "எனக்குக் காக்கா ஏழுன்னுச்சே! போடி, வேற இடம் பாரு" என்றது.

மரத்திலிருந்த மைனா காகத்திடம் கேட்டது: "நுனிக் கறுப்பையுமா எண்ணுவே?"

"பின்னே? அதுவும் வளையந்தானே!"

"அது வெறும் நுனி!"

மிளகு சாம்பலியின் நுனியையும் சேர்த்து எண்ணியது. ஏழு. சட்டென்று நகர்ந்து இடம்விட்டது.

பறவைகள் இன்னும் கத்திக்கொண்டிருந்தன.

"சண்டையை அப்புறம் வச்சுக்கங்க" என்றது மிளகு. "உங்க கணக்கால இன்னும் எத்தனை குட்டி மழையில நிக்குதோ, முதல்ல போய்ப் பாருங்க."