ஒன்பதரைக்குப் பிறகு

"இனி இது அசையாது. எல்லாரும் இறங்குங்கோ" என்று கண்டக்டர் கத்தியபோது நேரம் எட்டு ஐம்பத்தைந்து. கோப்பொன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யசோதரா இறங்கினாள். குச்சவெளியில் வெளிக்கிட்ட பஸ் நிலாவெளியைக்கூடத் தொடாமல், நடுவீதியில் புகை கக்கிக்கொண்டு நின்றது.

காலையில் அம்மா பார்த்துப் பார்த்து அயன் பண்ணிக் கொடுத்த வெள்ளைச் சட்டை. பக்கத்தில் இருந்த மீன்பெட்டியின் தண்ணீர் பட்டு ஒரு கை முழுக்க நாறியது. அவளுக்கு அழுகைதான் வந்தது.

பின்னால் இறங்கிய பெண்ணும் ஒரு கோப்போடு நின்றாள். "நீங்களும் திருகோணமலை ரவுணுக்கோ? கொம்பியூட்டர் படிக்கிற பிள்ளையளுக்கு வைக்கிற இன்ரவியூவுக்கோ?"

"ஓம், அதுக்குத்தான்."

"அப்பாடா, நான் தனிய இல்லை."

அவள் பெயர் நிரோஷினி. கம்பஸில் கணினி விஞ்ஞானம், மூன்றாம் வருசம். எங்காவது ஆறு மாதம் பயிற்சி செய்தால்தான் பட்டம் கிடைக்கும் என்றாள். மற்றக் கம்பனிகள் எல்லாம் கொழும்புக்கு வா என்கின்றன. வருசத்தில் ஒரு நாள் திருகோணமலைக்கே வந்து ஆள் எடுப்பது இந்த ஒரு கம்பனிதான்.

"ஒன்பதரைக்குப் பிறகு ஒருத்தரையும் உள்ள விடமாட்டினமாம். ஈமெயிலில தடிச்ச எழுத்தில போட்டிருக்கினம். பாத்தனீங்களோ?"

"பாத்தனான்." யசோதராவுக்கு அந்த வரி மனப்பாடம்.

"நீங்கள் இதுதான் முதல் தரமோ?"

"இல்லை, போன வருசமும் வந்தனான்."

"எடுபடேல்லையோ?"

"போன வருசம் ஒருத்தரும் எடுபடேல்லை."

நிரோஷினி உச்சுக்கொட்டினாள். அதற்குமேல் கேட்டால் மனம் நோகும் என்று நினைத்தாளோ என்னவோ, வீதியைப் பார்க்கத் தொடங்கினாள்.

இரண்டு ஓட்டோ வந்தன. இரண்டிலும் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். யசோதரா போனை எடுத்தாள். இரவு முழுக்கக் கரண்ட் இல்லாததால் அது எப்போதோ செத்திருந்தது. ட்ரைவரிடம் போய், "அண்ணை, வேற பஸ் வருமோ வராதோ? ஒண்டைச் சொல்லுங்கோ" என்று சீறினாள். அவர் எஞ்சினுக்குள் விட்ட தலையை வெளியே எடுக்கவே இல்லை.

"ட்ரைவரைப் பேசி என்ன பிரயோசனம்?" என்றாள் நிரோஷினி. "என்ர சிநேகிதி ஒருத்தி போன வருசம் அஞ்சு நிமிசம் பிந்தினவள். கேற்றடியில நிண்டு அழுதுபோட்டு வந்தவள். இப்ப ரவுணில ஒரு கடையில பில் அடிக்கிறாள். எங்கட வகுப்பிலயே கெட்டிக்காரி அவள்தான்."

யசோதரா உதட்டைக் கடித்தபடி கைமணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்பது பதினெட்டு.

அடுத்த பஸ் வரும்போது மிதிபலகையில்தான் இடம் இருந்தது. ஒரு கையில் கோப்பு, மறு கையில் கம்பி என்று தொங்கிக்கொண்டே இருவரும் ரவுணுக்கு வந்தார்கள். பஸ்நிலையத்தில் குதித்து, துறைமுகப் பக்கமாக மூச்சு வாங்க ஓடி, நேர்முகத் தேர்வு மண்டபத்தை அடைந்தபோது பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

கேற் பூட்டியிருந்தது. மதில் ஓரமாக இரண்டு பெடியங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். இலங்கைத்துறையில் இருந்து விடிய நாலரைக்கு வெளிக்கிட்டவர்களாம்.

கேற்றுக்கு உள்ளே நின்ற காவலாளியின் சட்டையில் 'றஊப்' என்று பெயர் குத்தியிருந்தது. "மணி என்னெண்டு பாருங்க, மகள்" என்றார்.

"பஸ் பழுதாப் போச்சு, நானா. அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" நிரோஷினியின் குரல் உடைந்தது.

"எனக்கு விளங்குது. உள்ளுக்க வந்த பிள்ளைகளும் சும்மாதான் குந்திட்டு இருக்கு. இன்னும் ஒராளையும் கூப்பிடல்ல."

"தொடங்கவே இல்லையெண்டால் பிறகேன் எங்களை விடேலாது?"

"ஏலாது மகள். நான் மண்டபத்து ஆள். கம்பனிக்காரங்க தந்த கடதாசி இந்தா ஒட்டிக் கிடக்கு. மீறினா என்ட வேலை போயிரும்." அவர் விரலால் தொட்டுக் காட்டினார். 'காலை 9.30 மணிக்குப் பின்னர் எக்காரணம் கொண்டும் எவரும் அனுமதிக்கப்படமாட்டார்.' அதன் கீழே, 'நேர்முகத் தேர்வுப் பொறுப்பாளர்' என்று அச்சடித்த இடத்தில் நீல மையில் ஒரு கையெழுத்து.

நிரோஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாங்கோ, போவம். கெஞ்சி ஒண்டும் ஆகாது. உந்தக் கடதாசியை எழுதின ஆளுக்கு எங்கட பாடு எங்க தெரியப்போகுது?"

யசோதரா அவளுடைய கையைப் பிடித்து நிறுத்தினாள். காலையில் இருந்து பஸ்ஸையும் ட்ரைவரையும் திட்டிய வாய் இப்போது வறண்டு கிடந்தது. கேற்றுக் கம்பிகளுக்கு ஊடாகக் கையை விட்டு, அந்தக் கடதாசியைப் பிடித்து இழுத்தாள். அது பாதியாகக் கிழிந்து வந்தது.

"ஐயோ மகள், என்ன வேல பாத்தீங்க!" றஊப் பதறிப்போனார். "அந்தப் பொறுப்பாளர் வந்து கேட்டா நான் என்ன சொல்ற?"

மதிலடியில் இருந்த இருவரையும் எழும்பி வரும்படி சைகை காட்டிவிட்டு, அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"திறவுங்கோ நானா, அந்தக் கையெழுத்து என்ரைதான்."