வலது கை நாடி

“உனக்கு வலது கையில நாடியே இல்லியேப்பா,” என்றார் கம்பவுண்டர் இக்னேஷியஸ்.

துறைமுக மருந்தகத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாசானம் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். “நல்லாப் பாருங்க சார். காலைல பல்லு வெளக்கசொல்லகூட இருந்துச்சு.”

இக்னேஷியஸ் மறுபடி பார்த்தார். இடது மணிக்கட்டில் நிமிஷத்துக்கு எழுபத்தாறு, தாளம் தப்பாமல். வலதில் ஒன்றுமில்லை, கையும் மண்பானை மாதிரி ஜில்லென்றிருந்தது. இருபது வருஷத்தில், பாதி உடம்புக்கு மட்டும் நாடி ஓடுகிற ஆளை அவர் பார்த்ததில்லை.

பதினொரு மணிக்கு டாக்டர் வந்துவிடுவார். மூட்டை தூக்கும் ஆட்களை நிரந்தரமாகச் சேர்ப்பதற்கான உடல் சோதனை அன்று. சுதந்திரம் வந்த வருஷத்திலிருந்து தினமும் விடியும்போது துறைமுகக் கேட்டில் நின்று, மேஸ்திரியின் விரல் தன் பக்கம் நீளுமா என்று பார்த்துக்கொண்டிருப்பவன் மாசானம். இன்று தேறினால் நிரந்தர அட்டை; தவறினால் மறுபடியும் கேட்டு வாசல். இருவருக்கும் ராயபுரத்தில் ஒரே சந்து வேறு. படிவத்தில் ‘நாடி இல்லை’ என்று எழுத இக்னேஷியஸுக்குக் கை வரவில்லை. காரணம் தெரியாமல் எழுத மனசும் வரவில்லை.

முதலில் சரக்கைப் பார்ப்போம் என்று அவனுடைய இடது விரலில் ஊசியால் குத்தினார். ஒரு சொட்டு ரத்தத்தை ஒற்றுத்தாளில் வாங்கி, வண்ண அட்டையோடு ஒப்பிட்டார். நல்ல சிவப்பு. அதோடு விடாமல் அவனுக்கு விளக்கவும் தொடங்கினார். ரத்தத்தில் பாதிக்கு மேல் மஞ்சள் நீர்தான், அதற்குப் பிளாஸ்மா என்று பெயர். அதில் மிதக்கிற சிவப்பணுக்கள் உன்னை மாதிரி. பிராணவாயுவை மூட்டை மூட்டையாகச் சுமக்கிறவர்கள். வெள்ளையணுக்கள் கேட்டு போலீஸ், திருட்டுக் கிருமி நுழைந்தால் பிடிக்கும். தட்டணுக்கள் கிழிந்த சாக்கைத் தைக்கிறவர்கள். இதோ, குத்திய இடத்தில் ரத்தம் நின்றுவிட்டதே, அது அவர்கள் வேலை.

“சாக்கு தைக்கறவன்லாம் ஒயுங்கா வேலைக்கு வந்துகீறான். மூட்டை தூக்கறவன் எங்க சார் பூட்டான்?” என்றான் மாசானம்.

“அதான் எனக்கும் புரியல. சரக்கு நல்லாகீது, பம்பும் ஓடிகினுகீது. அப்ப பைப்புலதான் கோளாறு.”

தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் புழல் ஏரியிலிருந்து ஒவ்வொரு வால்வாகப் பார்த்துக்கொண்டு வரவேண்டும். இக்னேஷியஸின் முறை அதுதான். இதயத்திலிருந்து பெருந்தமனி கிளம்புகிறது. அதிலிருந்து வரும் கிளை ஒன்று கழுத்துக்கு ஏறுகிறது. கழுத்தில் விரல் வைத்தார், துடித்தது. இன்னொரு கிளை காறையெலும்புக்கு அடியில் புகுந்து வலது கைக்கு இறங்குகிறது. காறையெலும்பின் ஓரத்திலும் துடித்தது. சட்டைப் பித்தானைக் கழற்றி அக்குளில் விரல் விட்டார். அங்கேயும் துடித்தது, மாசானம் கூச்சத்தில் நெளிந்தான். பிறகு முழங்கை மடிப்பில் அழுத்தினார்.

அங்கே இல்லை.

இக்னேஷியஸின் முகம் மலர்ந்தது. “அக்குளுக்கும் முழங்கைக்கும் நடுவுல ஒரு சாண் இடம். அடைப்பு அங்கதான் கீது. சட்டையக் கழட்டு.”

மாசானம் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். “இன்னா வோணா கேளுங்க சார். அத்த மட்டும் கேக்காதீங்க.”

இக்னேஷியஸுக்குச் சந்தேகம் தட்டியது. கட்டியா? இரும்புக் கொக்கி கிழித்த பழைய காயமா? வேலை போய்விடும் என்று சீழ் வைத்த கையை மூடிக்கொண்டே மூட்டை தூக்கியவர்களை அவர் பார்த்திருக்கிறார். டாக்டர் எப்படியும் கழற்றச் சொல்வார், அவர் பார்த்துத் தள்ளுவதற்கு முன்னால் நான் பார்த்தால் ஏதாவது செய்யலாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். மாசானம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

வெளியே டாக்டரின் கார் வந்து நின்றது.

அந்தச் சத்தத்துக்குத்தான் மாசானம் மசிந்தான். சட்டையைக் கழற்றினான். காயமும் இல்லை, கட்டியும் இல்லை. மூட்டை தூக்கித் தூக்கித் திரண்ட புஜத்தில், சதைக்குள் புதைகிற மாதிரி ஒரு புதுக் கறுப்புக் கயிறு. அதில் ஒரு சின்ன மாதா மெடல்.

“கோச்சுக்காதீங்க சார். கெளம்பசொல்ல உங்க வூட்டம்மாதான் இத்த இறுக்கிக் கட்டிவுட்டாங்க. ‘சோதனைல பாஸாயிடுவே, ஆனா எங்க வூட்டுக்காரராண்ட மட்டும் சொல்லிடாதே, சொன்னா பலிக்காது’ன்னாங்க.”

இக்னேஷியஸ் கயிற்றை அவிழ்த்து அவன் இடுப்பில் கட்டிவிட்டு, வலது மணிக்கட்டைப் பிடித்தார்: எழுபத்தாறு.