திறக்கக் கூடாத பாக்குவெட்டி

"திறக்கவே கூடாது அண்ணாச்சி. ரிவிட்டை அப்படி இறுக்கி அடிச்சிருங்க."

இசக்கிச்செல்வி நீட்டிய பாக்குவெட்டியை மாடக்கண்ணு ஆசாரி வாங்கிப் பார்த்தார். நடு ரிவிட் தேய்ந்து, இரண்டு அலகும் ஆளுக்கொரு பக்கம் ஆடின. யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. அவள் புருஷன், பஸ் டிரைவர் பெருமாள்ராஜின் சட்டைப் பையில் வருஷக்கணக்காகக் குடியிருப்பது. டூட்டி முடிந்து அவன் பட்டறையில் வந்து உட்கார்ந்தால், வெட்டுகிற பாக்கில் பாதி மாடக்கண்ணுவின் வாய்க்குத்தான்.

"திறக்காட்டி அது என்னத்துக்குத் தாயி? பழைய இரும்புக்குப் போட்டுர வேண்டியதுதான?"

"அவுக அய்யா வச்சிருந்தது. போட மனசு வராது. பையில கெடக்கட்டும், ஆனா திறக்கக் கூடாது. சாயங்காலம் அவுக கையிலயே குடுத்திருங்க."

ஏன் என்று அவர் கேட்பதற்குள் போய்விட்டாள்.

மாடக்கண்ணுவுக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. நாளெல்லாம் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டுகிறவன் ஒரு துண்டு பாக்கு மெல்லுவது கூடவா இவள் கண்ணை உறுத்துகிறது? கொஞ்ச நாளாக அவன் வாயைத் திறந்து பேசாததன் காரணம் இப்போது பிடிபட்டது. பாவம், வீட்டில் அவ்வளவு கெடுபிடி!

"பூட்டணுமாம்லா, பூட்டணும்!" என்று முனகிக்கொண்டே உலையை மூட்டினார்.

அவள் சொன்னபடி செய்வதுதான் சுலபம். பழுக்கக் காய்ச்சிய ரிவிட்டைச் செருகி ஓங்கி நாலு அடி. ஆறும்போது அது தானே சுருங்கி, இரண்டு அலகையும் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

ஆசாரி செய்தது வேறு. பெருமாள்ராஜ் போட்டுப் போன பழைய பஸ் டிக்கெட் ஒன்றை எண்ணெயில் முக்கி, இரண்டு அலகுக்கும் நடுவில் வைத்தார். ரிவிட்டைப் பழுக்கக் காய்ச்சிச் செருகி, ஓங்கி அடிக்காமல் விளிம்பைச் சுற்றிப் பைய பையத் தட்டித் தலையை உருட்டினார். சூட்டில் டிக்கெட் கருகிப்போய், மயிரிழை இடைவெளி மிஞ்சியது. சூடு ஆறும்வரை அலகுகளைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய். வேலை பிரமாதமாக வந்துவிட்டது என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் பெருமாள்ராஜ் வந்தான்.

"ஏலே பெருமாளு, உம் பொண்டாட்டி இதைப் பூட்டச் சொல்லிட்டுப் போறா. நான் விடுவனா? இங்கன பாரு!"

ஒற்றை விரலால் திறந்து மூடிக் காட்டினார். அதே வேகத்தில் ஒரு கொட்டைப்பாக்கை வெட்டி, பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மீதியை அவன் கையில் திணித்தார்.

அவன் அதை வாயில் போடவில்லை. இன்னொரு கையின் இரண்டு விரலைச் சேர்த்து வாய்க்குள் நுழைத்துப் பார்த்தான். பல்லைத் தாண்டிப் போகவில்லை.

"இவ்வளவுதான் திறக்குது அண்ணாச்சி. பாக்கை இன்னமும் விடலேன்னா புத்துநோயில கொண்டு விட்டுரும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

மாடக்கண்ணு மெல்லுவதை நிறுத்தினார்.

"ஏலே, இதை அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா? நான் அவளைப் போயி என்னெல்லாமோ நெனச்சிட்டனே!"

"நான்தான் யார்ட்டயும் சொல்லாதன்னேன். பூட்டச் சொல்லி அனுப்பினதும் நான்தான். பழக்கத்துல கை பைக்குப் போயிருது. போனாலும் அது திறக்கக் கூடாதுல்லா?"

"அப்படின்னா நீயே வந்து கேக்க வேண்டியதுதானலே? எங்கிட்ட உனக்கு என்ன கூச்சம்?"

பெருமாள்ராஜ் பாக்கோடு மூடியிருந்த உள்ளங்கையை அவர் முன்னால் விரித்தான்.

"நான் வந்தா, நீங்க இதைத்தான அண்ணாச்சி தருவிய?"